சாமியானா வீட்டு அக்கா

போன மாதம் என் அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏதோ காட்டோரம் கூடாரம் அடித்து ஒரு ராத்திரி தங்கப் போகிறார்களாம். அதற்கு ஒரு வாரமாக ஊரையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாமியாரைக் கேட்டாயிற்று, டாக்டரைக் கேட்டாயிற்று, வாட்ஸப்பில் அம்மாக்கள் குழுவைக் கேட்டாயிற்று, கடைசியில் நான். "அத்தை, குழந்தையோட போகலாமா, வேணாமா? நீங்க சொல்லுங்க." எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னை எதுக்குடி கேக்கறே?" என்று வைத்துவிட்டேன். அவளுக்குக் கோபம். இருக்கட்டும்.

அவள் போனை வைத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் எதிர்வீட்டு அக்காதான். கூடாரம், குழந்தை என்றால் எனக்கு வேறு யாரும் ஞாபகத்துக்கு வரமாட்டார்கள். அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது கிளம்பி வந்து, "எவளக் கேட்டு எம் பேரப் போட்ட?" என்று கேட்பாள். தான் யாரையும் எதற்கும் கேட்கமாட்டாள். தன்னைக் கேட்காமல் யாராவது ஒன்று செய்துவிட்டால் மட்டும் விடமாட்டாள். அந்த நியாயம் எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. அவள் என்றே எழுதுகிறேன். 'அவர்' போட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

நான் கல்யாணமாகி மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் மாடி வீட்டுக்குக் குடிபோன புதிது. சைதாப்பேட்டையில் ஆபீஸ். மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்து, ஷேர் ஆட்டோவில் நசுங்கி, ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் என் சமையலறை ஜன்னல் மேல் கொட்டிக்கொண்டிருக்கிறது. டாங்க் உடைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஓடினேன். அங்கே நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணியில் ஒரு கூடாரம். ஒல்லியான ஒரு மனுஷர் எங்கள் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று, வாளி வாளியாக மொண்டு அதன் தலையில் ஊற்றுகிறார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "அந்தப் பக்கம் ஊத்துங்க, தையலாண்ட," என்கிறது. கூடவே ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரிக்கிறது.

"யாருங்க நீங்க?" என்றேன்.

துணியை விலக்கிக்கொண்டு ஒரு முகம் வந்தது. முப்பது வயது இருக்கும். முக்காடு நழுவி, மூக்குத்தியில் தண்ணீர் சொட்டியது. "எதுத்த வூடு. சாமியானா கட. மய வந்தா ஒழுவுதான்னு பாக்கறோம்."

"எங்க மாடியிலயா?"

"எங்க மாடிக்குப் பூட்டு போட்டுக்கீறாங்க."

"அதுக்கு என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"கேட்டாத்தான வாணான்னுவீங்க."

அதைத் திமிராகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்குப் பஸ் ஸ்டாண்டைக் காட்டுவதுபோல் சொன்னாள். அப்புறம், "ஒரு துண்டு இருந்தா குடு கண்ணு, புள்ள நனஞ்சிகீது," என்றாள். சண்டை போட வேண்டிய நேரத்தில் நான் கீழே போய்த் துண்டு எடுத்துவந்து கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை.

அவர்கள் வீட்டில் சாமியானா, நாற்காலி, அண்டா, ஜமக்காளம் எல்லாம் வாடகைக்கு விடுகிற தொழில். கடை கணவரின் அண்ணன் பெயரில். கணவர்தான் தொட்டி மேல் நின்ற அந்த ஒல்லி மனுஷர். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் பதிலுக்குத் தலையை ஆட்டுவார். அக்கா ராயப்பேட்டையில் பிறந்தவள். வாய் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்றால், அவள் பேசுவதை அவர் கேட்பார், அவ்வளவுதான். என்னை அவள் கடைசிவரைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆபீசு பொண்ணு.

மாடிக்கு ஏன் பூட்டு என்று நான் கேட்கவில்லை. துணியைக் காயவைக்க வந்த ஒரு நாள் அவளாகவே சொன்னாள்.

இந்தப் பெண் குழந்தைக்கு முன்னால் ஒரு பையன். அவனைப் பொத்திப் பொத்தி வளர்த்தார்களாம். மாமியாருக்குக் காற்று என்றாலே பயம். ஜன்னல் எல்லாம் சாத்தி, சித்திரை வெயிலிலும் மங்கி கேப் போட்டு, ஆஸ்பத்திரிக்கும் தர்காவுக்கும் தவிர வேறு எங்கேயும் தூக்கிப் போனதில்லை. ஒருநாள் மகரிப் நேரம், அதாவது சூரியன் இறங்கிப் பாங்கு சொல்கிற நேரம், கரன்ட் போய்விட்டது. பிள்ளை புழுக்கத்தில் வீல் வீலென்று கத்துகிறான். அந்த நேரத்தில் குழந்தையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அக்கா யாரையும் கேட்கவில்லை, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஏரிக்குத் திரும்புகிற கொக்குகளைப் பார்த்து அவன் இரண்டு கையையும் நீட்டிச் சிரித்தானாம். அந்த வாரமே காய்ச்சல் வந்தது. அடுத்த வாரம் அவன் இல்லை. டாக்டர் ஏதோ மூளைக்காய்ச்சல் என்று பெயர் சொன்னார், யார் காதில் விழும்? பிள்ளையை வாசலில் வைத்திருக்கும்போதே, வந்தவர்கள் எல்லார் முன்னாலும் மாமியார் சொல்லிவிட்டார்: "மகரிப்ல மாடிக்குத் தூக்கிட்டுப் போனா. அதான்." அன்றைக்கு மாடிக்கு விழுந்த பூட்டு.

"அவன் வெளிய வந்து சிரிச்சது அந்த ஒரு வாட்டிதான் ஆபீசு பொண்ணு," என்றாள் அக்கா. துணியின் இரண்டு முனையையும் சேர்த்து மடித்துக்கொண்டே சொன்னாள். "அதத்தான் தப்புன்றாங்க."

அவள் அழவில்லை. "இது கடல பாக்கும், ஏரிய பாக்கும், மண்ணத் துன்னும். வானத்துக்குக் கீழ தூங்கும். எவனும் எதுவும் சொல்லிக்கட்டும்," என்று குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். கூடாரத்தை அவளே கடைத் துணியை வெட்டி, மிஷினில் தைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. குட்டிக்கு அப்போது ஒன்றரை வயது. மூத்த பையன் போன அதே வயது. மாமியார் அந்தக் குழந்தையைப் பார்க்கிற பார்வையிலேயே பயம் தெரியும். அவரும் பாவம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. சாமியானா எல்லாம் மடித்துக் கிடக்கும், கடையின் குட்டியானை வண்டி சும்மா நிற்கும். ஊரில் எல்லாரும் எதையும் தொடங்காமல் உட்கார்ந்திருக்கிற அந்த மாதங்கள்தான் அக்காவுக்கு வசதி. சனிக்கிழமைதோறும் மாமியார் கோவிலம்பாக்கத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புவார். அவர் ஆட்டோ தெருமுனை தாண்டியதும் குட்டியானை ஸ்டார்ட் ஆகும். பின்னால் கூடாரம், ஸ்டவ், ஒரு அண்டாவில் குடிதண்ணீர், ஜமக்காளம், கொசுவத்தி, குழந்தையின் ஆய்ப்பானை. ஆய்ப்பானையைத்தான் முதலில் ஏற்றுவாள். மற்றது எது மறந்தாலும் பரவாயில்லையாம். குழந்தையின் கால் கொலுசில் கூடுதலாக மணி கோத்திருப்பாள். "சத்தம் கேட்டா கவலையில்ல. சத்தம் நின்னாத்தான் எழுந்து ஓடணும்," என்பாள்.

என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்கள். பாம்பு இருக்கும் என்றார். நான் மட்டும் ஒட்டிக்கொண்டேன்.

முதல் தடவை ஏரிக்கரை என்று சொல்லிக் கூட்டிப்போய் கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு மனைப்பிரிவில் இறக்கினாள். அப்போது அந்தப் பக்கம் முழுக்க அதுதான். மஞ்சள் பெயின்ட் அடித்த கல், கொடி, நடுவில் ஒரு வளைவு, வளைவில் ஏதோ 'நகர்', சுற்றிலும் வெறும் பொட்டல். தண்ணீரும் தெரிந்தது, மரமும் இருந்தது. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். அண்ணன் முளைக்கம்பி அடித்து முடிப்பதற்குள் டை கட்டிய ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்தான்.

"மேடம், இது பிரைவேட் பிராப்பர்ட்டி. யாரைக் கேட்டு டென்ட் போட்டீங்க?"

"எடம் பாக்க வந்தோம்," என்றாள் அக்கா.

"பாக்கறதுன்னா பாத்துட்டுப் போகணும் மேடம்."

"நீ வூடு கட்டுனா பாத்துட்டுப் போய்டுவியா? படுத்துத் தூங்குவ இல்ல? தூங்கிப் பாத்தாத்தான தெரியும் எடம் எப்டின்னு. புள்ளைக்கு ஒத்துக்குதான்னு பாக்க வாணாமா?"

பையன் யோசித்தான். அவன் வேலையில் இப்படி ஒரு வாடிக்கையாளரை அவன் பார்த்ததில்லை. குட்டி போய் அவன் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு 'ண்ணா, ண்ணா' என்றது. கொஞ்ச நேரத்தில் அவன் கம்பெனிச் செலவில் கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலும், விருந்தாளிகளுக்கு வைத்திருந்த பெரிய குடையும் கொண்டுவந்து வைத்தான். மறுநாள் காலையில் வந்து, "எப்படி மேடம் இருந்தது எடம்?" என்று நோட் எடுத்தான். "தவள சத்தம் ஜாஸ்தி," என்றாள் அக்கா, பொறுப்பாக.

குட்டி அன்றைக்குச் சேற்றில் உருண்டு, நாய்க்குட்டியோடு படுத்து, தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தும்பியைத் துரத்தியது. ஞாயிற்றுக்கிழமை மாமியார் அதன் காதுக்குள் மண்ணைப் பார்த்துவிட்டுக் கத்தினார். அக்கா அதைக் குளிப்பாட்டினாள், தலை துவட்டினாள், அடுத்த சனிக்கிழமைக்கு ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றிவைத்தாள்.

அந்த மார்கழியில் கடலுக்குப் போனோம். கோவளம் தாண்டி ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டிய மணல். சுனாமி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் மூளைக்கு அது எட்டவில்லை பாருங்கள். மத்தியான வெயில் சாய்ந்ததும் கூடாரத்தைக் கட்டினோம். அக்கா தன் பழைய துப்பட்டாவின் ஒரு முனையைக் குட்டியின் இடுப்பிலும் மறு முனையைக் கூடாரக் கம்பிலும் கட்டினாள். குட்டி துப்பட்டா நீள்கிற தூரத்துக்குப் போய், ஒரு நண்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு பெரியவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வேகமாகத் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் குப்பத்திலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். முன்னால் வந்த அம்மாள் தலை அவிழ்ந்து, மாரில் அடித்துக்கொண்டு வந்தார். "எந்த மகராசி பெத்த புள்ளயோ, இன்னும் அடங்கலியே இந்தக் கடலு," என்று அழுதபடியே வந்து கூடாரத்து வாசலில் விழுந்தார். குட்டி திரும்பி, கையில் இருந்த ஈர ரஸ்க்கை அவர் வாய்க்கு நேரே நீட்டியது.

எங்கள் பக்கத்தில் வாசலில் சாமியானா ஏறினால் ஒன்று கல்யாணம், இல்லை சாவு. கடற்கரை மணலில் யார் கல்யாணம் வைப்பார்கள்? போன மார்கழியில் அதே மணலில் இதே மாதிரித் துணிகளைக் கட்டித்தான் அதன் நிழலில் பிணங்களை வைத்திருந்தார்கள். ஏதோ பிள்ளை கரை ஒதுங்கிவிட்டது என்றே அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

உயிரோடு ஒரு குழந்தையைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. "ஏம்மே, பச்சப் புள்ளய வச்சிகினு சாவு வூட்டுத் துணியக் கொணாந்து கடலாண்ட கட்டிக்கீறியே, ஒனக்கு அறிவு கீதா?"

அக்கா மெதுவாக எழுந்து நின்றாள். "சாவு வூட்டுத் துணிதாம்மா," என்றாள். "எம் மூத்தவன் மௌத்தான அன்னிக்கி எங்க வூட்டு வாசல்ல போட்டது. தோ அந்த மூலைல செவப்பு ஒட்டு கீது பாரு. அன்னிக்கி பூரா நான் அந்த ஒட்டத்தான் பாத்துகினு இருந்தேன்."

எனக்கு இது தெரியாது. அண்ணனைப் பார்த்தேன். அவர் கையில் கயிற்றோடு மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அத்தக் கொளுத்திப் போடாம..." என்றார் அந்த அம்மாள்.

"எதுக்குக் கொளுத்தணும்? கடைல வுட்டா இன்னொருத்தி புள்ளைக்கு மேல ஏறும். அதான் கேக்காம எடுத்துகினேன். இனிமே இது எந்த சாவு வூட்டுக்கும் போவாது. எம் பொண்ணு இதுக்குக் கீழதான் தூங்கும், எழுந்துக்கும், ஒண்ணுக்குப் போவும், சிரிக்கும். இந்தத் துணி அதப் பாக்கட்டும்."

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குட்டி இன்னும் நீட்டிக்கொண்டிருந்த ரஸ்க்கை வாங்கிக் கடித்தார். "ராவுல காத்து மாறும். கயித்த இன்னொரு சுத்து சுத்து," என்று அண்ணனிடம் சொன்னார். பாங்கு நேரத்தில் அக்கா மணலில் ஜமக்காளத்தை விரித்துத் தொழுதாள். அவள் முடிக்கும்வரை குட்டியை அந்த அம்மாள்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு அலை காட்டினார். அவர் வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது. அவர் வீட்டில் யாரைப் பறிகொடுத்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

திரும்பி வந்த இரண்டு நாளில் குட்டிக்குக் காய்ச்சல்.

அந்த வீடு என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குச் சொந்தக்காரரான அண்ணனின் அண்ணன் வந்து குட்டியானையின் சாவியை எடுத்துக்கொண்டு போனார். ஜன்னல்கள் சாத்தப்பட்டன. மங்கி கேப் திரும்பி வந்தது. டாக்டர், "சாதா சளி, பல்லும் வருது, ஒண்ணுமில்லை," என்றார். மூன்றாம் நாள் குழந்தை எழுந்து சொம்பைத் தட்டி விளையாடியது. ஆனால் ஜன்னல் திறக்கவில்லை. வாசற்படியில் நின்று மாமியார் சொன்னது எதிர்மாடியில் இருந்த எனக்கே கேட்டது: "ஒண்ணை முழுங்கிட்டே. இதையாவது விட்டு வை."

மாமியார் கெட்டவர் இல்லை. பேத்திக்கு ராத்திரி பகலாக நெற்றியில் துணி போட்டவர் அவர்தான். இருந்தாலும் அந்த வார்த்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பெற்றவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? அக்கா மன்னித்தாளா என்பது அவள் விஷயம்.

கொஞ்ச நாள் அந்த வீட்டிலிருந்து சத்தமே வரவில்லை. ஜன்னல் கதவின் சந்து வழியாக ஒரு சின்னக் கை மட்டும் வெளியே வரும், விரலை விரித்து விரித்து மூடும், உள்ளே போய்விடும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் போய்ப் பார்த்தேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மூத்தவனும் இப்டித்தான் கைய நீட்டுவான்," என்றாள்.

"என்னக்கா செய்யப் போறீங்க?"

"ஒன்னக் கேட்டனா?" என்றாள். அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் மார்க்கெட்டிலிருந்து கீரைக்கட்டோடு தெருவுக்குள் திரும்பினேன். அவர்கள் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. நீலமும் வெள்ளையும்.

கீரை எங்கே விழுந்தது என்று தெரியாது. தெருவில் கூட்டம் சேர்ந்திருந்தது. இஸ்திரிக்காரர் வண்டியை விட்டுவிட்டுத் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தெருச் சங்கத்துச் செயலாளர் சார் எங்கேயோ ஓடிப்போய் ஒரு பெரிய ரோஜா மாலை வாங்கி வந்துவிட்டார். நெருக்கமான வீடு ஆயிற்றே. பெண்கள் இரண்டு பேர் ஏற்கெனவே அழத் தொடங்கியிருந்தார்கள். அண்ணன் ஒரு மூலையில் குனிந்து முளைக்கம்பியை அடித்துக்கொண்டிருந்தார். யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டினார். அந்த மனுஷருக்கு எல்லாக் கேள்விக்கும் அது ஒன்றுதானே பதில். கூட்டத்துக்கு அழுகை இன்னும் கூடியது.

நான் எல்லாரையும் தள்ளிக்கொண்டு போய்த் துணியை விலக்கினேன். உள்ளே அக்கா ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். குட்டி வெறும் தலையோடு ஜமக்காளத்தில் உட்கார்ந்து கரண்டியால் ஆய்ப்பானையை அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, என்ன இது?"

"வெளிய போவக்கூடாதுன்னாங்க. போவல. வாசல்லதான் கீறோம்," என்றாள். பிறகு தலையை வெளியே நீட்டிக் கூட்டத்தைப் பார்த்தாள். "யாருக்கும் ஒண்ணும் ஆவல. எம் பொண்ணு கேம்ப் போட்டுக்கீது. டீ வோணுன்றவங்க தம்ளர் கொணாங்க."

செயலாளர் சாருக்கு மாலையை எங்கே மறைப்பது என்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அக்கா கையை நீட்டினாள். "குடுங்க சார். நல்ல மாலையாட்டம் கீது." வாங்கி, கூடாரத்து வாசலில், கல்யாண மண்டபத்து முகப்பு மாதிரி வளைத்துக் கட்டினாள். தெரு முழுக்கச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நின்றது.

அப்போதுதான் ஆட்டோ வந்தது. கோவிலம்பாக்கத்திலிருந்து மாமியார்.

அவர் என்ன பார்த்திருப்பார்? சாமியானா, கூட்டம், மாலை. ஆட்டோ நிற்பதற்கு முன்பே இறங்கினார். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. கூட்டம் வழி விட்டது. துணியை விலக்கி உள்ளே பார்த்தவர் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். குட்டி அவரைப் பார்த்ததும் எழுந்து கொலுசு குலுங்க ஓடிவந்து, விரலைப் பிடித்து, "உள்ள, உள்ள," என்று இழுத்தது.

அவர் உள்ளே போனார். பேத்தியை மடியில் போட்டுத் தலை, கை, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். உயிர் இருக்கிறது என்று உறுதியானதும் அக்காவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அக்கா நகரவில்லை. இன்னொரு அடி விழும் என்று நான் நினைத்தேன். அதற்குள் அவர் நிமிர்ந்து மேலே பார்த்துவிட்டார். அந்த மூலையில் சிவப்பு ஒட்டு.

"இது..." என்றார்.

"ஆமா மாமி. அதேதான்," என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "இதுக்குக் கீழ ஒக்காந்துதான அன்னிக்கி எல்லார் முன்னாடியும் சொன்னீங்க, மாடிக்குத் தூக்கினு போனா அதான்னு. இப்பயும் எல்லாரும் கீறாங்க. புள்ளயும் ஒங்க மடிலதான் கீது. திரும்பச் சொல்லுங்க."

மாமியார் சொல்லவில்லை. பேத்தியை இறுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் அந்த ஒட்டையே பார்த்தார். பாங்கு கேட்டது. எழுந்து குழந்தையை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போவார் என்று நான் எதிர்பார்த்தேன். அந்த நேரத்துச் சட்டம் அதுதானே. அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். குட்டி மடியில் படுத்தபடியே துணியின் விலகல் வழியாக வானத்தைக் காட்டி ஏதோ சொன்னது. ஏரிக்குத் திரும்பும் கொக்குகள். அவர் அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். அக்கா டீயை ஆற்றி அவர் பக்கத்தில் வைத்தாள். தானும் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

வண்டிச் சாவி மறுநாள் பழைய ஆணிக்கு வந்துவிட்டது. யார் வாங்கி வந்தார்கள் என்று அண்ணனைக் கேட்டேன், தலையை ஆட்டினார்.

தை பிறந்தால் கல்யாணங்கள் தொடங்கிவிடும், வண்டி கிடைக்காது. அதற்கு முந்தின சனிக்கிழமை குட்டியானை கிளம்பத் தயாராக நின்றது. எனக்கு அன்று ஆபீஸ், அப்போதுதான் திரும்பி மாடிப்படியில் நின்றிருந்தேன். மாமியார் அந்த வாரம் மகள் வீட்டுக்குப் போகவில்லை. வாசற்படியில் நின்றார். ஆய்ப்பானை ஏறிவிட்டது, ஸ்டவ் ஏறிவிட்டது. அக்கா வண்டியில் ஏறி உட்கார்ந்தவள், என்ன நினைத்தாளோ, குழந்தையோடு மறுபடி இறங்கினாள். நேரே போய் மாமியார் முன்னால் நின்றாள்.

"மாமி, போய்ட்டு வரட்டா?"

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. அந்தப் பொம்பளை ஒருவரைக் கேட்கிறாள்.

மாமியார் அவளைப் பார்க்கவில்லை. குட்டியின் கொலுசில் முறுக்கிக்கொண்டிருந்த ஒரு மணியைச் சரிசெய்தார்.

"என்னை எதுக்குக் கேக்கறே?" என்றார். "கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன். எனக்கு வேற சொல்ல வராது. கேக்காம போ."

அக்கா திரும்பி வந்து வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். வண்டி தெருமுனை திரும்பும்போது மகரிப்புக்குப் பாங்கு சொன்னார்கள்.